கார்ப்பெட்டில் ஒட்டிய சூயிங்கம்: ஏன் பிடிக்கிறது, எப்படி விடும்

ஐடி அலுவலகத்தின் மீட்டிங் ரூம், மல்டிபிளெக்ஸ் நடைவழி, ஹோட்டல் லாபி என்று கார்ப்பெட் விரித்த இடம் எதுவானாலும், சூயிங்கம் ஒட்டிவிட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஐஸ் வை, இஸ்திரிப் பெட்டி வை, தேங்காய் எண்ணெய் தடவு, வினிகர் ஊற்று, நெயில் பாலிஷ் ரிமூவர் போடு. வேடிக்கை என்னவென்றால், ஒன்றுக்கொன்று நேர்மாறான இந்த வைத்தியங்களில் பாதி ஓரளவு பலிக்கவும் செய்கிறது. குளிர வைத்தாலும் வருகிறது, சூடு காட்டினாலும் வருகிறது. குழப்பமே அங்கேதான். எது எதனால் பலிக்கிறது, பலித்த பிறகு கார்ப்பெட்டுக்குள் எதை விட்டுவைக்கிறது என்பது தெரிந்தால், ஒரு ஸ்பூனும் ஒரு வெள்ளைத் துண்டும் கொஞ்சம் குளிரும் பெரும்பாலான கம்மை எடுத்துவிடும்.

மென்று முடித்தபின் மிஞ்சுவது

சூயிங்கம்மில் இருக்கும் சர்க்கரையும் வாசனையும் எச்சிலில் கரைந்து போய்விடும். கரையாமல் வாயில் மிஞ்சும் ரப்பர் போன்ற பகுதிக்கு கம் பேஸ் என்று பெயர். வாங்கும்போது இருக்கும் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான் இது. ஆனால் கார்ப்பெட்டில் வந்து விழுவது அநேகமாக முழுக்க இதுதான்.

ஒரு காலத்தில் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் சப்போட்டா மரத்தைக் கீறி வடித்த பாலைக் காய்ச்சி கம் பேஸ் செய்தார்கள். சப்போட்டாக் காயைப் பறித்தால் விரலில் பிசுபிசுக்குமே, அந்தப் பால்தான். இன்றைய கம் பேஸில் பெரும்பகுதி ஆலையில் தயாராகும் பாலிமர்கள்: பாலிஐசோபியூட்டிலீன், பாலிவினைல் அசிடேட். இவற்றோடு பிசின், மெழுகு, கொஞ்சம் கால்சியம் கார்பனேட் தூள். முதல் பொருளின் நெருங்கிய உறவான பியூட்டைல் ரப்பரில் வண்டி டியூப் செய்கிறார்கள். இரண்டாவது பொருள், தச்சர்கள் மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசையின் அடிப்படை. டியூப் ரப்பரும் தச்சர் பசையும் பிசினும் சேர்ந்த ஒன்று ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் கலவை தண்ணீரில் கரையாது. அதனால்தான் வினிகர் பலிப்பதில்லை. கடையில் விற்கும் வினிகரில் 95 சதவீதம் தண்ணீர்தான். ஷாம்பூ போட்டுத் தேய்த்தாலும் கம்மைச் சுற்றியிருக்கும் அழுக்குதான் போகும், கம் அப்படியே இருக்கும்.

பாகுப் பதம்

கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கு அடுத்து வருவது புதிதாக இருக்காது. அடுப்பில் இருக்கும்போது வெல்லப்பாகு ஓடும். சற்று ஆறினால் விரலில் ஒட்டி, இழுத்தால் கம்பியாக நீளும். முழுக்க ஆறியபின் தட்டினால் டக்கென்று உடையும். பாகு மாறவில்லை, அதன் சூடுதான் மாறியது. அதே மிட்டாயை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நமுத்துப்போய் மறுபடி பிசுபிசுக்கும். காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே நுழைந்து அதை இளக்கிவிடுகிறது. சூடு இல்லாமலே, வேறொரு பொருள் கலந்தாலும் இளகும் என்பதற்கு அது சாட்சி.

கம் பேஸிலும் நடப்பது இதேதான். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சூடு இருக்கும்வரை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அதனால் கம் இழுபடுகிறது, நசுங்குகிறது, ஒட்டுகிறது. குளிரக் குளிர நகர்வு குறைந்து, ஓர் எல்லைக்குக் கீழே சங்கிலிகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது பொருள் கெட்டியாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. அந்த எல்லைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். தண்ணீர் 0 டிகிரியில் உறைவதுபோல ஒரே புள்ளியில் இது நடப்பதில்லை. பாலிவினைல் அசிடேட் 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கெட்டியாகத் தொடங்கும். பாலிஐசோபியூட்டிலீன் மைனஸ் 70 அருகே வரை விடாப்பிடியாக ரப்பராகவே இருக்கும். இரண்டும் கலந்திருப்பதால் கம் படிப்படியாகத்தான் இறுகும். வாயில் 37 டிகிரியில் மெத்து, 24 டிகிரி ஏசி அறையில் அழுத்தமான பிசுபிசுப்பு, ஃப்ரீசர் குளிரில் கல்.

ஒட்டுவதற்கு மெத்தென்று இருப்பது அவசியம். அப்படி இருந்தால்தான் ஒவ்வோர் இழையையும் சுற்றி வழிந்து, இடுக்குகளை நிரப்பி, இறுகப் பிடிக்க முடியும். கெட்டியாகிவிட்டால் புதிதாக எங்கும் வழியாது. ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்திலும், அடி விழும்போது வளைந்து கொடுக்க வழியில்லாமல் விரிசல் விடும். அவ்வளவு மெத்தென்று இருந்தும் வாயில் பல்லோடு ஏன் ஒட்டுவதில்லை என்று கேட்கலாம். பல்லின்மேல் எப்போதும் எச்சில் படலம் இருக்கிறது. கார்ப்பெட் இழையோ காய்ந்து கிடக்கிறது.

சுருக்கமாக: கம் தண்ணீருக்கு மசியாது. குளிர்ந்தால் நொறுங்கும், சூடேறினால் ஓடும், பொருத்தமான எண்ணெய்ப் பொருள் உள்ளே நுழைந்தால் இளகும். எல்லா வைத்தியமும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

கார்ப்பெட்டின் உள்ளே

கார்ப்பெட்டில் மேலே தெரியும் இழைக் கூட்டத்துக்கு பைல் என்று பெயர். நூலை வளையமாகவே விட்டால் லூப் பைல், வளையத்தின் தலையை வெட்டிவிட்டால் கட் பைல். அலுவலகங்களில் பெரும்பாலும் 50-க்கு 50 செ.மீ. சதுர டைல்களாக வரும் லூப் பைல்; ஹோட்டல் அறைகளில் கட் பைல் அதிகம். இழைகள் கழன்று வராமல் அடியில் பிடித்து வைத்திருக்கும் தளம் பேக்கிங். லேடெக்ஸ் பூச்சு, பிவிசி, தார் கலந்த கலவை என்று அது பல வகைப்படும்.

லூப் பைலில் ஒரு வரிசை முழுக்க ஒரே நூல். கம்மைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் ஒரு வளையம் கழலும். அதே நூலில் இருக்கும் அடுத்ததும், அதற்கடுத்ததும் கூடவே வரும். கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாணுக்கு வழுக்கைக் கோடு. கம்மையாவது எடுத்துவிடலாம், இதை ஒன்றும் செய்ய முடியாது.

விழுந்தவுடன் கம் இழைகளின் நுனியில்தான் உட்கார்ந்திருக்கும். அதை உள்ளே தள்ளுவது செருப்புக் கால். இன்னொரு குற்றவாளியை யாரும் சந்தேகிப்பதில்லை: சுழலும் பிரஷ் வைத்த வேக்குவம் கிளீனர். பிரஷ்ஷில் சிக்கிய கம் சூடேறி, அடுத்த பத்தடிக்குக் கீற்றுக் கீற்றாகப் பூசப்படும். வெந்நீர் பாய்ச்சி உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷினும் இப்படித்தான், இளக்கித் தேய்த்துவிடும். எனவே கம் எடுக்கும் வேலை எப்போதும் வேக்குவமுக்கும் கழுவலுக்கும் முன்னால் நடக்க வேண்டும். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து ஒரு நடை பார்த்தால், மேடுகள் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். சிங்கப்பூர் 1992-இல் சூயிங்கம் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. 2004 முதல் மருத்துவப் பயன் கொண்ட கம்முக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு டார்ச்தான் கதி.

பகலில் கம் கண்ணில் பட்டு, எடுக்க ஆள் மாலையில்தான் வருவார் என்றால், அதன்மேல் ஒரு நாற்காலியை நகர்த்தி வையுங்கள். யாரும் மிதிக்காமல் இருந்தாலே பாதி வேலை மிச்சம்.

முதல் வழி: குளிர்

புதிதாக, மேடாக இருக்கும் கம்முக்கு இதைவிட நல்ல வழி இல்லை. தன் பங்குக்குக் கார்ப்பெட்டில் புதிதாக எதையும் சேர்த்துவிடாத வழியும் இதுதான்.

கையில் இருப்பது ஐஸ்கட்டி என்றால், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, கம்மின்மேல் 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். ஐஸை நேரடியாக வைத்தால் உருகும் தண்ணீர் இழைக்குள் இறங்கும். தடித்த கம் இதில் இறுகும். இழைகளோடு நசுங்கிய மெல்லிய கம் இறுகினாலும், ஐஸை எடுத்த கணமே தரையின் சூட்டில் மறுபடி இளகிவிடும். "ஐஸ் வைத்துப் பார்த்தாச்சு, வரலை" என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

தொழில்முறையில் செய்பவர்கள் ஃப்ரீஸ் ஸ்ப்ரே பயன்படுத்துவார்கள். டப்பாவுக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு. வெளியே வந்ததும் கொதித்து ஆவியாகும். அதற்கு வேண்டிய வெப்பத்தைக் கம்மிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பரவலாக இருக்கும் ஆர்-134ஏ வாயுவின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. சில டப்பாக்களில் பியூட்டேன், புரொப்பேன் இருக்கும், அவை தீப்பிடிப்பவை. லேபிளில் தீச்சுடர் படம் இருக்கிறதா என்று பார்க்காமல் கையில் எடுக்கக் கூடாது.

ஸ்ப்ரேயை 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் பிடித்து, கம்மின்மேல் மட்டும் படும்படி 10 முதல் 15 விநாடி அடிக்க வேண்டும். மேலே வெண்பனி படரும். அது காற்றின் ஈரம், கம் இறுகியதற்கு அத்தாட்சி அல்ல. ஸ்பூன் காம்பால் தட்டிப் பாருங்கள். மந்தமாக 'தொப்' என்றால் இன்னும் உள்ளே மெத்தென்று இருக்கிறது. 'டிக்' என்று கூர்மையாகக் கேட்டால் தயார். உடனே ஸ்பூனின் புடைத்த முதுகால் நடுவில் இரண்டு மூன்று தட்டு. கம் சில்லுகளாக உடையும். முனை மழுங்கிய புட்டி பிளேடைக் கிடைவாக்கில் நுழைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளினால் சில்லுகள் எழும்பும். கூர்மையான பிளேடு இழையையும் சேர்த்து அறுத்துவிடும்.

இதிலிருந்து வேகம் முக்கியம். சில்லுகள் சிறிதாக இருப்பதால் ஒரு நிமிடத்துக்குள் இளகி, விழுந்த இடத்திலேயே ஒட்டத் தொடங்கும். ஒரு கம் ஐந்தாறு கம் ஆன கதை. வேக்குவத்தின் வெறும் குழாயை இன்னொரு கையில் தயாராக வைத்துக்கொண்டு, உடைய உடைய உறிஞ்ச வேண்டும். ஒரே மூச்சில் முழுதும் வராது. அடி, தட்டு, உறிஞ்சு என்று இரண்டு மூன்று சுற்று தேவைப்படும்.

சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் ஒரு கூடுதல் தொல்லை. 24 டிகிரியும் 55 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் காற்றின் நீர் படியும். குளிர வைத்துவிட்டு போன் பேசிக்கொண்டிருந்தால் அந்த இடம் நனைந்திருக்கும். ஏசியை ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு கம் என்று எடுப்பது நல்லது.

மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் ட்ரை ஐஸ் இன்னும் வலுவானது. ஆனால் அது கார்பன் டை ஆக்சைடாக ஆவியாகும்: காற்றோட்டம் வேண்டும், தடித்த கையுறை வேண்டும், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வெடிக்கும். பிவிசி பேக்கிங்கும் அந்தக் குளிரில் விறைத்து நொறுங்கக்கூடியது. குளிர்ந்திருக்கும்போது டைலைத் தூக்கி வளைக்கவே கூடாது. ஒரு அலுவலகத்தில் நாலு கம் எடுக்க இது தேவையில்லை என்பது என் கருத்து.

இரண்டாம் வழி: கரைப்பான்

மேடு போனபின் இழைகளில் மங்கலான ஒரு பூச்சு மிஞ்சும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, விரல் வைத்தால் ஒட்டும். இதைக் குளிரால் எடுக்க முடியாது. உடைவதற்கு அங்கே கனமே இல்லை. இங்கேதான் கரைப்பான் வருகிறது. கம்மின் சங்கிலிகளுக்கிடையே நுழைந்து அவற்றைப் பிரித்துவிடும் திரவம் அது. கம் எண்ணெய்க் குணம் கொண்டது என்பதால் கரைப்பானும் அந்தக் குணத்தோடு இருக்க வேண்டும். தொழிலில் அதிகம் புழங்குவது லிமோனின், ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் தெறிக்கும் எண்ணெயின் முக்கியப் பொருள். சிட்ரஸ் ஜெல், சிட்ரஸ் ஸ்பாட்டர் என்ற பெயர்களில் வருவது இதுதான்.

கம்மைக் கரைக்கிற எதுவும் பேக்கிங்கில் இருக்கும் லேடெக்ஸையும் சும்மா விடாது. இரண்டும் ரப்பர் குடும்பம். கரைப்பானைக் கார்ப்பெட்டில் நேராக ஊற்றினால் அடிவரை இறங்கி, லேடெக்ஸை உப்பவைத்து, சில நாளில் அந்த இடம் குமிழ்போல எழும்பி நிற்கும். டைலைத் தரையோடு பிடித்திருக்கும் பசையும் விட்டுவிடலாம். ஆகவே திரவம் போக வேண்டியது துணிக்கு. சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துண்டின் ஒரு மூலையில் அரை டீஸ்பூன், அதாவது 2 முதல் 3 மி.லி. முதலில் மேஜைக்கடியில் மறைவான ஓரிடத்தில் ஒரு நிமிடம் ஒற்றிப் பாருங்கள். துணியில் சாயம் இறங்கினால் அந்தக் கரைப்பான் அந்தக் கார்ப்பெட்டுக்கு ஆகாது.

சாயம் இறங்கவில்லை என்றால், கம் இருந்த இடத்தில் துணியை வைத்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். ஸ்பூன் முதுகால் மெல்லப் பிசையுங்கள். பிறகு துணியின் உலர்ந்த பகுதியால் அழுத்தி, கிள்ளி எடுப்பதுபோல மேலே தூக்குங்கள். சாம்பல் நிறத்தில் நூல் நூலாகத் துணிக்கு ஏறிவரும். ஒவ்வொரு தடவையும் துணியின் சுத்தமான பக்கத்துக்கு மாற வேண்டும், இல்லையென்றால் எடுத்ததையே திரும்பப் பூசுகிறோம். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். தேய்க்கக் கூடாது, கட் பைலில் தேய்த்தால் நூலின் முறுக்குப் பிரிந்து பஞ்சாகிவிடும், அதைத் திரும்ப முறுக்க வழி கிடையாது.

நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோன், பாலிவினைல் அசிடேட்டைக் கரைக்கும், ரப்பர் பகுதியை விட்டுவிடும். அரைகுறை வேலை. அதோடு தீ அபாயம் வேறு. ஒரு திரவத்தின் ஆவி, நெருப்பைக் காட்டினால் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலைக்குத் தீப்பற்று வெப்பநிலை என்று பெயர். லிமோனினுக்கு அது ஏறத்தாழ 48 டிகிரி. அசிட்டோனுக்கு மைனஸ் 20, அதாவது எந்த அறையிலும் எப்போதும் தயார். பெட்ரோல் அதைவிட மோசம். லிமோனினும் ஆபத்தே இல்லாதது அல்ல: கையுறை போடுங்கள், பக்கத்தில் சூடான கருவி எதுவும் வேண்டாம்.

எடுத்த இடத்தில் கறுப்பு வட்டம் எப்படி வருகிறது

கம் போய்விட்டது, எல்லோருக்கும் திருப்தி. இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் காசளவு கறுப்பு வட்டம். கம் திரும்பி வரவில்லை. உள்ளே மிஞ்சிய எண்ணெயும் சோப்பும் செருப்புத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

தேங்காய் எண்ணெய் வைத்தியத்தின் முடிவு பெரும்பாலும் இதுதான். அது கம்மை இளக்கும், உண்மை. ஆனால் ஆவியாகாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும்; மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏசி 22-இல் ஓடும் அறையில் அது இழைகளுக்கிடையே கொழுப்பாக உறைந்து நிற்கும். இழை பாலிப்ரோப்பிலீன் என்றால் இன்னும் சிக்கல், அது தண்ணீரை விலக்கி எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும் ரகம். பீநட் பட்டர், மயோனைஸ் போன்ற வைத்தியங்களும் இதே வகைதான், கூடுதலாக எறும்பும் வரும்.

அதனால் கரைப்பான் போட்ட இடத்தை அலசியே ஆக வேண்டும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். அதிகம் போட்டால் அதுவே அடுத்த பிசுபிசுப்பு. துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தடவை ஒற்றுங்கள். கடைசியாக உலர்ந்த துண்டை நாலாக மடித்து வைத்து, மேலே கனமாக எதையாவது ஏற்றி, சில மணி நேரம் விடுங்கள். அடியில் இருக்கும் ஈரம் மேலேறும்போது கரைந்த அழுக்கையும் தூக்கிவரும். அது இழை நுனியில் காயாமல் துண்டில் போய்ச் சேரும்.

மறுநாள் ஒரு வெள்ளை டிஷ்யூவை அந்த இடத்தில் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் புள்ளி இருந்தால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. அலசலை மட்டும் இன்னொரு முறை செய்தால் போதும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: மேட்டைக் குளிரால் உடைத்து உறிஞ்ச வேண்டும், பூச்சைத் துணியில் எடுத்த கரைப்பானால் ஒற்ற வேண்டும், கரைப்பானைச் சோப்புத் தண்ணீரால் வெளியேற்ற வேண்டும். வரிசை மாறினால் வேலை கூடும். கரைப்பானில் ஊறிய கம்மை எவ்வளவு குளிர வைத்தாலும் சரியாக உடையாது.

மூன்றாம் வழி: சூடு

நடைபாதைக் கல்லில் ஒட்டிய கம்மை நீராவி பாய்ச்சி எடுப்பதைப் பார்த்துவிட்டு, கார்ப்பெட்டிலும் அதைச் செய்யலாமே என்று தோன்றும். கல்லில் இளகிய கம் போக இடமில்லாமல் மேலேயே நிற்கிறது. கார்ப்பெட்டில் அது கீழே இறங்கும். இஸ்திரிப் பெட்டியின் காட்டன் சூடு ஏறத்தாழ 200 டிகிரி. பாலிப்ரோப்பிலீன் இழை 160 தாண்டியதும் உருகிவிடும், நைலான்-6 தாங்குவது 220 வரைதான். கம் இருந்த இடத்தில் பளபளவென்று இஸ்திரிப் பெட்டியின் முத்திரை நிரந்தரமாக விழும்.

இந்த வழிக்கு ஒரே ஒரு இடம் உண்டு. மாதக்கணக்கில் மிதிபட்டு, தட்டையாகி, கறுத்துப்போன பழைய கம். அதில் உடைக்க மேடும் இல்லை, மேலே அழுக்கு ஏறியிருப்பதால் கரைப்பான் எளிதில் நுழைவதும் இல்லை. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் உயரத்தில், கை பொறுக்கும் அளவுக்கு 30 முதல் 40 விநாடி காட்டிவிட்டு, சூடு ஆறும்வரை காத்திருந்து, சிட்ரஸ் ஜெல் தடவிய துணியை ஐந்து நிமிடம் வைத்தால் நுழையத் தொடங்கும். ஜெல் போட்டபின் டிரையரை மறுபடி எடுக்கக் கூடாது. இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம்கூட ஆகும்.

டைலையே மாற்றிவிடுவது

டைல் கார்ப்பெட்டாக இருந்தால், பழைய கம்மோடு மல்லுக்கட்டுவதைவிட டைலை மாற்றுவது பல சமயம் புத்திசாலித்தனம். இரண்டு டைல் சேரும் விளிம்பில் கம் இறங்கியிருந்தால் இதுதான் ஒரே வழி. புது டைல் போட்டால் நிறம் எடுப்பாகத் தனித்துத் தெரியும். ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத அலமாரி ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்து இங்கே போட்டு, புதியதை அந்த ஓரத்துக்கு அனுப்புவார்கள். புட்டி பிளேடை மூலையில் நுழைத்து மெல்ல நெம்பினால் டைல் எழும்பும். அதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு அம்புக்குறி இருக்கும். பைல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது காட்டுகிறது. பக்கத்து டைல்களின் அம்பு எந்தப் பக்கமோ அதைப் பார்த்துப் போட வேண்டும். திசை மாறினால் அதே நிறம், அதே டைல், ஆனாலும் வாசலில் நின்று பார்த்தாலே அந்தச் சதுரம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும்.